பேர் சொல்லாமல் போட்ட ஓட்டு

அந்த ஒரே வருசத்தில் எங்கள் ஊர் கண்ட வேடிக்கை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் பேசும் படம் வந்தது. கோயமுத்தூர்ச் சாலையோரம் கொட்டகை போட்டார்கள். திரையில் ஒரு ராஜா பெண்டாட்டியைக் காட்டில் விட்டுவிட்டுப் போனபோது என் மாமியார் எழுந்து நின்று, "அட நாசமாப் போறவனே, நில்றா!" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம் மாசியில் ஓட்டு வந்தது. ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயமும் அதே நாளில் வந்து தொலைத்தது.

எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு. நிலவரி கட்டுவதால் என் வீட்டுக்காரருக்கு ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்ததால் எனக்கு ஒன்று. பிறந்த வீட்டில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் நான். பேர் சேர்க்க வந்த அதிகாரி முன்னால் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்துக் காட்டினேன். மாமியாருக்கு எழுத்தும் தெரியாது, அவர் பேரில் நிலமும் கிடையாது, அதனால் ஓட்டும் இல்லை. ஆனால் ஊரெல்லாம் போய், "எங்கூட்டுல மருமவளுக்கும் ஓட்டு" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான்.

என் வீட்டுக்காரருக்கோ காளைகள்தான் உலகம். போன வருசம் அரைச் சக்கர தூரத்தில் தோற்றதை அவர் மறக்கவே இல்லை. அதுகளுக்குப் பருத்திக்கொட்டையை அரைத்து அரைத்து என் கை காய்த்துப் போயிருந்தது.

"ஏனுங்க, காலைல ஓட்டப் போட்டுட்டு அப்பறம் பந்தயத்துக்குப் போலாமில்லீங்க?" என்றேன்.

"ஏம்புள்ள, ஓட்டு இன்னொருக்கா வரும். இந்தக் காளைகளுக்கு இந்த வயசு இன்னொருக்கா வருமா?" என்று சொல்லிவிட்டு விடியும் முன்பே கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எது எப்படிப் போனாலும் என் ஓட்டை நான் போட்டே தீருவது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "நானும் வாரேன்" என்று மாமியாரும் புறப்பட்டார். வழியில் ஓட்டுக்கு நின்றவர் ஒருவரின் வண்டி வந்து நின்றது. உள்ளே காப்பி மணத்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏறாதே. அவன் வண்டீல ஏறி, அவன் காப்பியக் குடிச்சுப்போட்டு, அவனுக்குப் போடாம வந்தா மனசு உறுத்தும். நடந்தே போலாம்." அஞ்சு மைல் நடந்தோம்.

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச் சாவடி. மேற்கேயிருந்து வந்த மலையாளத்துக் குமாஸ்தா பட்டியலைப் புரட்டினார். என் பேரில் எங்கள் ஊரிலேயே நாலு பேர் இருந்தோம்.

"பர்த்தாவின்றெ பேரு?" என்று கேட்டார்.

புருசன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். திரும்பி மாமியாரைப் பார்த்தேன். அவர் பாடு அதைவிட மோசம். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது வழக்கம். பெற்ற மகனை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "சாமி, சாமி" என்றே வளர்த்தவர் அவர்.

"உங்க மகன் பேருதானுங்கம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்றார் வரிசையில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர்.

"அது என்ற மாமனார் பேருங்க. நான் எப்படிச் சொல்றது?"

சாவடியே குலுங்கியது. "பேரு பறயாதெ ஓட்டில்ல" என்று குமாஸ்தா எங்களை ஒதுங்கச் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அஞ்சு மைல் நடந்து வந்து, ஒரு பேரைச் சொல்ல வாய் வராமல் திரும்பிப் போவதா?

மாமியார் என் முழங்கையை இடித்தார். "ஏம்புள்ள, வாயிலதான சொல்லப்படாது? கையில எழுதுனா யாரு வேண்டாங்கறா?"

அட, இது எனக்குத் தோன்றவில்லையே! குமாஸ்தாவின் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வந்தது. உரக்கவே வாசித்தார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சீட்டு என் கைக்கு வந்தது. ஓட்டுக்கு நின்ற ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள்; ஒன்றில் போட்டேன். எந்தப் பெட்டியில் போட்டேன் என்று மாமியார் திரும்பும் வழியெல்லாம் கேட்டார். நான் சொல்லவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பித்தளைக் குடத்தோடு வந்தார். முதல் பரிசு! நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை வாசலில் கோலமாவோடு குனிந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து அவன் பேர எழுதுன மாதிரி என்ற பேர எழுது, பாக்கலாம்."

ஏழு வருசமாக அவர் சமையலைத் தின்கிறேன். எனக்கு அவர் அத்தை, மகனுக்கு அம்மா, ஊருக்குப் பெரியவூட்டம்மா. அவர் பேர் எனக்குத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது.

"அத்தே, உங்க பேரு என்னங்க?"

சிரித்துக்கொண்டே பேரைச் சொன்னார். "இந்தப் பேரக் கேட்டே ரொம்ப நாளாச்சு" என்றார்.

வாசல் அகலத்துக்குப் பெரிதாக எழுதினேன். அந்நேரம் என் வீட்டுக்காரர் பரிசு வாங்கிய காளைகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மாமியார் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"சாமி, அந்தப் பக்கமாச் சுத்திப் போ. இங்க நான் இருக்கறேன்."