அந்தமானில் கூடாரம் போட்ட இடம்

காசிமேட்டில் நாற்பது வருடமாக மீன் விற்கிறேன். கடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம் என்றிருந்தவள்.

போன மாசியில் மகன் என்னையும் மருமகளையும் கைக்குழந்தையையும் அந்தமானுக்குக் கூட்டிப் போனான். ஃபெர்ரி ஏறி ஒரு தீவில் இறங்கினோம். அங்கே வாடகைக்குக் கூடாரம் விடும் கூடாரக்காரர் ஒருவர் மேட்டில் கூடாரம் போட்டார்.

"கடலாண்ட போடு நைனா, காத்து வரும்" என்றேன்.

"தண்ணி ஏறும்மா."

"எனக்கே சொல்றியா? நாங்க கடல்லயே பொறந்தவங்க."

மருமகள், "வேணாம் அத்தே, கொயந்த கீது" என்றாள்.

"பயந்தாங்கொள்ளி" என்று அவள் வாயை அடைத்தேன். கூடாரக்காரர் கூடாரத்தைப் பிரித்துக் கடலோரம் போட்டார். மகன் அப்போது அங்கே இல்லை.

எங்கள் கரையில் கடல் கொஞ்சம்தான் ஏறும். அங்கே ஆள் உயரம் ஏறுமாம். மதியம் நானும் மகனும் டீ குடித்துத் திரும்பினால், கூடாரம் தண்ணீரில் நிற்கிறது. தூங்கிக்கொண்டிருந்த மருமகள், குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கியபடி முழங்கால் தண்ணீரில் வந்தாள்.

மகன் கூடாரக்காரரிடம், "இன்னா எடத்துல போட்டுகீற, அறிவு கீதா?" என்று பாய்ந்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். மருமகளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வீடு வந்த மூன்றாம் நாள்தான் மகனிடம் உண்மையைச் சொன்னேன். கூடாரக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "குழந்தை நல்லாருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எந்தக் கரைக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் உட்காருகிறேன். மருமகள் வேண்டாமென்றால், ஏன் என்று கேட்கிறேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.