எட்டுப் பேர் தேற வேண்டும்

எட்டுப் பேர் தேறினால் போதும். பன்னிரண்டு சீனப் பொறியியலாளர்களில் எட்டுப் பேர் ஆங்கிலச் சோதனையில் தேறிவிட்டால், செப்டெம்பரில் தொடங்கும் வகுப்பு கோசலைக்கு. வேலை ஒப்பந்தமும் கைக்கு வரும். லூயி-பிளாங் தெரு உணவகத்தில் வெங்காயம் உரிக்கும் வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். சொந்த ஊரான சண்டிலிப்பாயில் பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு, எண்பத்து நாலில் பாரிசுக்கு வந்தவள். இரண்டு வருடத்தில் அவளுக்கென்று திறந்த முதல் கதவு இது.

திறந்துவிட்டவள் மதலேன். பாண்டிச்சேரிக்காரி. தனியார் மொழிப் பள்ளியொன்றில் சோதனைகளை நடத்துபவள். சோதனை வரைக்கும் அந்தப் பன்னிரண்டு பேரையும் படிப்பிக்கும் வேலையைத் தற்காலிகமாகக் கோசலைக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

"அவுங்க பழகப்போற மெஷினுக்கெல்லாம் புத்தகம் இங்கிலீஷ்லதான் இருக்குதாம். அதான் கம்பெனி நம்மகிட்ட அனுப்புது," என்றாள். "சொல்லுக்கு நாப்பது கேள்வி, வாசிப்புக்கு இருபது. ரெண்டுலயும் தனித்தனியா பாதி வாங்கணும்."

மாதிரிச் சோதனையில், சொற்களில் ஒருவர்கூட முப்பத்தைந்துக்குக் கீழே போகவில்லை. அகராதியை மென்று விழுங்கிவிட்டு வந்தவர்கள். வாசிப்பிலோ மூன்று பேர்தான் தேறினார்கள். கோசலை தாள்களைப் புரட்டினாள். பத்தியில் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் சீன எழுத்து, எறும்பு வரிசை மாதிரி. கேள்விப் பக்கம் வெறுமை. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. பாதி தன்மேலேயே. சண்டிலிப்பாயில் அவளுடைய பிள்ளைகளும் இப்படித்தான் வரிக்கு மேலே தமிழ் எழுதி வாசித்தார்கள். எழுதச் சொன்னவளே அவள்தான்.

மறுநாள் பென்சில்களை உள்ளே வைக்கச் சொன்னாள். வகுப்பில் மூத்தவர் ஷென். ஐம்பது வயது, கொதிகலன் வேலையில் பெரிய கை. எழுதாமல் வாசித்தால் வாசித்த மாதிரியே இல்லை என்று எழுந்து நின்று பணிவாகச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் வலது விரலால் எழுதத் தொடங்கினார். பின்வரிசையில் நான்கு பேர் தொடையில் எழுதினார்கள்.

மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருந்த வீட்டில் இதைக் கேட்டு அவள் புருஷன் சிவமணி விழுந்து விழுந்து சிரித்தான்.

"கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுமன்."

"பகிடி விடாதேங்கோ. ரெண்டு மாசமாத் தொண்டை கிழியக் கத்துறன்."

"நீர் மட்டும் என்னவாம்? பிறெஃபெக்தூர்க் கந்தோரிலை இருந்து விசாக் கடிதம் வந்தா, பிரெஞ்சுக்கு மேலை தமிழ் எழுதாமல் ஒருநாளாவது வாசிச்சிருக்கிறீரோ?"

கோசலை சட்டியை அடுப்பில் சத்தமாக வைத்தாள்.

சோதனைக்கு முதல்நாள் மதலேனைக் கேட்டுப் பார்த்தாள். "வாசிச்சு முடியிறவரைக்கும் பென்சிலைக் குடுக்காமல் விடேலாதோ?"

"முடியாது கோசலை. தாள், பென்சில், ரப்பர், மூணும் மேசை மேல இருக்கணும். விதி அப்படி. நான் என்ன பண்ணட்டும்?"

ஏழு பேர் தேறினார்கள். ஷென் வாசிப்பில் ஒன்பது விடைதான் எழுதியிருந்தார். ஒன்பதும் சரி. பத்தாவது இடத்தில் ஒன்றுமில்லை.

முடிவு ஒட்டிய அன்று தன் தாளைப் பார்க்க வந்தார். நடைவழியில் நின்றபடியே பத்தாவது கேள்வியை வாசித்து விடை சொன்னார். பதினொன்றுக்கும் சொன்னார், பன்னிரண்டுக்கும் சொன்னார். விரல்கூட அசையவில்லை. எல்லாம் சரி.

"ஐயோ மனிசா, இதை அங்கை செய்திருக்கலாமே! ஒண்டு, ஒரேயொரு விடை!" கோசலை தமிழிலேயே கத்திவிட்டாள். மதலேன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஷென்னுக்குச் சொல் விளங்காவிட்டாலும் ஏச்சு விளங்கியது. சோதனை என்றதும் பயம் வந்துவிட்டது, பயம் வந்தால் கை தானாக எழுதுகிறது என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். நவம்பரில் மறுபடி எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றாள். அப்போதும் நீங்கள்தானே படிப்பிப்பீர்கள் என்றார்.

கோசலை மதலேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எட்டுன்னு சொல்லியிருந்தாங்களே," என்றாள் மதலேன். "ஏழு பேர் தேறினதுக்கே உங்களுக்கு வகுப்பைக் குடுப்பாங்களான்னு மேல கேட்டுப் பாக்குறேன். ஆனா நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

"ஓம், கேளுங்கோ," என்றாள் கோசலை. "நான் நம்பேல்லை."