தேவராஜ் அண்ணனும் ஏரிக்கரை நாய்களும்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பெரிய மாட்டைக் கறந்துகொண்டிருந்தேன். அவருடைய மகள் ஸ்டெல்லா கொட்டகை வாசலில் வந்து நின்று, "அத்தே, அப்பா பூட்டாரு" என்றாள். நெஞ்சு வலி என்று முந்தின நாள்தான் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பாதிக் கறவையில் பதறி எழுந்தால் மாடு மிரண்டு உதைக்கும். எழவில்லை. அதன் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு கறந்து முடித்தேன். அவர் பார்த்திருந்தால், "அதான்க்கா சரி. மொதல்ல மாடு, அப்பால ஒப்பாரி" என்றிருப்பார். பாவி மனுஷன்!

ஊரப்பாக்கத்தில் எங்களிடம் பால் வாங்கும் உங்களுக்கு எங்கள் இருவரையும் தெரியும். அடுத்தடுத்த கொட்டகை. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீராத வழக்கு. தெருவில் மற்றவர்கள் நிலத்தை மனை போட்டு, மாட்டை விற்று, கூடுவாஞ்சேரியில் கடை வைத்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த இரண்டு கிறுக்குகள்தான். எந்த மாடு ஈன்றாலும் இரண்டு பேரும் நிற்போம். ஒருவர் முகத்துக்கு முன்னால் நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். மற்றவர் பின்னால் கன்றை ஏந்தவும் வேண்டும், ஏரிக்கரை நாய்கள் வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அண்ணன் போன அன்று என் செவலை மாட்டுக்கு ஈனும் நாள் நெருங்கியிருந்தது. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும் இனி என்னோடு யார் நிற்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாட்டிடம் அவர் வீரம் காட்டியதே இல்லை. ஒருமுறை அடுக்குமாடி வீட்டுக்காரர் ஒருவர், பிறந்து ஒரு நாளான கன்றோடு போட்டோ எடுக்கத் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போய் நின்றார். அண்ணன் கத்தாமல், அசையாமல், "சார், அப்டியே சைடா வந்துரு. நேத்துவரிக்கும் அது சாது. இன்னிக்கி பெத்தவ" என்றார். வீட்டுக்காரர் விலகிய இடத்தில் கொம்பு வந்து தூணில் மோதியது. பிறகு மூவரும் டீ குடித்தோம். "எனக்கும் பயந்தான் சார்" என்றார் அண்ணன்.

ஆனால் அண்ணனும் ஒருமுறை தவறினார். கன்று பிறந்ததும் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பார்கள். ஏரிக்கரை ஆலமரத்தை மனைக்காரர்கள் சாய்த்துவிட்டார்கள். செவலையின் போன ஈற்றில் அண்ணன் சாக்கோடு தெருத்தெருவாக அலைந்து, புது மனைப் பிரிவின் பூங்காவில் ஆளுயர அரசங்கன்று ஒன்றில் கட்டிவிட்டு வந்தார். நாய்கள் இழுத்துப் பிரித்துத் தின்றன. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். நாய் மட்டும் சும்மா இருக்குமா? மறுநாள் கூட்டமாக வந்து செவலையின் கன்றைக் குதறிவிட்டன. அது பிழைக்கவில்லை.

அன்று நான் விட்ட வசவு ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். அவர், "மரத்த தேடிகினு இருந்தேன்க்கா. நாய நெனைக்கல" என்றார். கறியில் விஷம் வைக்கலாம் என்று தெருவில் சிலர் வந்தார்கள். "நாய கொன்னா வேற நாய் வரும். வாசனைய பொதச்சா அதுக்கு இங்க இன்னா வேல?" என்று திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அவர் மாடுகள் ஈன்றபோதெல்லாம் இடுப்பளவு குழி, மேலே சுண்ணாம்பு, அதன் மேல் கருங்கல்தான். வழக்கத்தை விட்டால் பால் குறையாதா என்று சீண்டினேன். "கன்னு இருந்தாத்தானக்கா பாலு?" என்றார்.

அவரை அடக்கம் செய்த வாரமே, பட்டப்பகலில், செவலைக்கு வலி எடுத்தது. கூப்பிட யாருமில்லை. ஸ்டெல்லாவின் வீட்டில் துக்கம். மற்றவர்களுக்கு மாடென்றால் பயம். முன்னால் போய்ப் பேசினேன், பின்னால் ஓடி வந்து பார்த்தேன். இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்யும்போதுதான் அந்த இன்னொரு ஆள் எவ்வளவு பெரியவர் என்று தெரிகிறது. கன்று விழுந்தது. நஞ்சுக்கொடி விழுந்ததும் மூச்சு வாங்க வாங்கக் குழி வெட்டிப் புதைத்தேன். வேலிக்கு அப்பால் நாய்கள் வந்தன, மோந்து பார்த்தன, போய்விட்டன.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. மாட்டையும் நாயையும் குறைத்து எடைபோடாத அந்த நல்ல பயம் இனி என்னோடு இருக்கும்.

கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். பெண் கன்று. "அண்ணா, கிடேரிண்ணா!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கொட்டகையில் அவருடைய மாடுகள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தன.