அக்காவின் வாயைத் திறக்கக் கேட்டேன்

பொறுமை என்றால் என்னவென்றே தெரியாத என்னை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்ட ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எங்கள் சபையில் சுகந்தி அக்கா இருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். கணவர் இல்லை, பிளஸ் ஒன் படிக்கும் ஒரே மகள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவருக்கு வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. ஆனால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தார். போன ஜூலையில், "டீச்சர், இதான் கடைசி. செப்டம்பருக்குள்ள பாஸ் ஆவலன்னா அந்த வேலை வேற யாருக்கோ போய்டும்" என்று என் முன்னால் அழுதார். நான் சொல்லித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மற்றதெல்லாம் சமாளித்துவிடுவார். பேச்சுத் தேர்வில்தான் மாட்டிக்கொள்வார். எதிரில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். இவர் ஆங்கிலத்தில் விசாரித்துத் தைரியம் சொல்ல வேண்டும்.

தினமும் முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, என் பள்ளி விடும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். நான் நோயாளி, அவர் நர்ஸ். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் இரண்டு தவறு பிடித்துவிடுவேன். திரும்பச் சொல்லுங்கள் என்று விரட்டுவேன். கையிலிருக்கும் பேனாவைத் தட்டிக்கொண்டே இருப்பேன். உட்கார முடியாமல் எழுந்து நடப்பேன். அவர் வார்த்தை தேடி நின்றால் என்னால் தாங்கவே முடியாது, நானே சொல்லிவிடுவேன். அப்புறம் அவர் பேசவே மாட்டார். "மனசுல எல்லாம் இருக்குது டீச்சர். உங்க எதிர்ல உக்காந்துகினா ஒண்ணும் வர மாட்டேங்குது" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"நீ இன்னா டியூஷன் எடுக்கிறியா, போலீஸ் ஸ்டேஷன் வெச்சிருக்கியா?" என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். அவரையும் விரட்டினேன்.

ஆகஸ்ட் முடிந்தது. தேர்வுக்குப் பத்தே நாள். அக்கா வாயிலிருந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வரவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சபையில் அவர் மகளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அவங்க வாயைத் திறந்துவிடும்" என்று முழங்காலில் நின்று கதறினேன்.

திங்கட்கிழமை எழுந்தால் என் குரலைக் காணோம். வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நாளா கத்திக்கினு இருக்கீங்கம்மா?" என்று கேட்டார். ஒரு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். மனதுக்குள்ளேயே ஆண்டவரோடு சண்டை போட்டேன். யார் வாயைத் திறக்கச் சொன்னேன், யார் வாயை அடைத்தீர்?

சாயங்காலம் அக்கா வந்தார். விஷயத்தை நோட்டில் எழுதிக் காட்டினேன். படித்தார். கைப்பையைக் கீழே வைத்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "டீச்சர், டோன்ட் டாக். ஐ வில் டாக்" என்றார். எப்போதிலிருந்து வலி, விழுங்க முடிகிறதா, என்ன மருந்து என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன், விரலால் காட்டினேன். நடுவில் ஒரு வார்த்தை வராமல் நின்றார். என் நாக்கு துடித்தது. பேனாவை எடுத்தேன், அதையும் வாங்கி வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வார்த்தை தானாகவே அவருக்கு வந்தது. பயப்படாதீர்கள், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று என் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதமாக அந்த வாயை மூடி வைத்திருந்தது நான்தான்.

அந்த வாரம் முழுக்க அவர் பேசினார், நான் கேட்டேன். தேர்வில் தேறினார். இன்று அயர்லாந்தில் வேலை பார்க்கிறார். மகளையும் அழைத்துக்கொள்ளப் போகிறார்.

என் குரல் திரும்பி வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் இப்போது மேசைக்கு அடியில் கைகளை இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறேன். சில நாள் முடியாமலும் போகிறது. கேட்டதற்கு நேர் எதிராக நடக்கிறதே என்று உங்களில் யாராவது துடித்துக்கொண்டிருந்தால், ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு, ஆண்டவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. தேர்வு முடிவு வந்த அன்று அக்கா என் பள்ளி வாசலுக்கே ஓடிவந்தார். மூச்சு வாங்க, தான் தேறிவிட்டதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வாக்கியத்தில் ஒரு தவறு இருந்தது. ஆண்டவர் அறிய, நான் திருத்தவில்லை.