மாலைக் குளிசைகள்

கிருமி என் பாதத்தின் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது என்று சொன்ன டாக்டர் ஒரு ஜெர்மன்காரி. என் மகளின் வயதுதான் இருக்கும். வுப்பர்டால் ஆசுப்பத்திரியில் கிருமி வருத்தங்களுக்கென்றே இருந்தவள். எனக்குச் சீனி வருத்தம். பாதம் மரத்துப்போய், புண் வந்ததே தெரியவில்லை.

மூன்று கிழமை நரம்பில் மருந்து ஏற்றிவிட்டு, குளிசை தந்து வீட்டுக்கு அனுப்பினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

காலைக் குளிசையை விழுங்கினேன். மாலைக் குளிசையைப் பால்மாப் பேணிக்குள் போட்டேன். ஊரில் என் தம்பிக்கு ஷெல் பட்ட காலில் வருடக்கணக்காய்ச் சீழ். சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. ஊருக்குப் போகிறவர்களிடம் மிஞ்சின மருந்தைக் கொடுத்துவிடாத வீடு எங்கள் ஆட்களில் இல்லை. நான் மிஞ்ச வைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் காய்ச்சலோடு திரும்பவும் போய்ப் படுத்தேன். பெருவிரல் கறுத்திருந்தது. டாக்டர் குனிந்து புண்ணை மணந்து பார்த்தாள். மகள்தான் மொழிபெயர்த்தாள்.

"எல்லாக் குளிசையும் போட்டனீங்களோ எண்டு கேக்கிறா."

"ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையே?"

மூன்றாம் நாள் டாக்டர் கையில் கடதாசியோடு வந்தாள். முகத்தில் களைப்பு.

"சோதிச்சுப் பாத்தவையாம். வெளியில வைச்சா இந்த மருந்துக்கு உங்கட கிருமி சாகுதாம். காலுக்குள்ள மட்டும் சாகுதில்லையாம். ஏனெண்டு விளங்கேல்லையாம். இனி இதை நம்ப ஏலாது, நாளைக்குப் பாதத்தை எடுக்கத்தான் வேணுமாம்."

நான் சொன்ன ஒரு பொய்யால் அவள் இரண்டு நாளாய்த் தன் மருந்தையே சந்தேகித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"பிள்ளை, என்ர பையுக்குள்ள பேணி ஒண்டு கிடக்கு. எடு."

சனிக்கிழமை ஊருக்குப் போகிற அயல்வீட்டுக்காரி என்னைப் பார்க்க வரும்போது கொடுக்கக் கொண்டுவந்திருந்தேன். மகள் மூடியைத் திறந்தாள்.

"மாமாவுக்கோ?"

"ஓம்."

"நல்லது. காலை வெட்டினாப் பிறகு மிஞ்சுற ஒத்தைச் சப்பாத்தையும் மாமாவுக்கே அனுப்புவம்."

பிறகுதான் அழுதாள்.

டாக்டர் ஏசவில்லை. முதல் தடவையாக என் கட்டில் விளிம்பில் இருந்தாள். தம்பியின் காலில் இருப்பது வேறு கிருமியாக இருக்கலாம், அதை அங்கேயே சோதிக்க வேண்டும் என்றாள். மருந்து தோற்கவில்லை, நாளைக்குப் பெருவிரலை மட்டும் எடுப்போம், பாதத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றாள். குளிசைகளைத் தன் சட்டைப்பைக்குள் கொட்டினாள். பேணியைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

விரல் போனது. பாதம் இருக்கிறது. தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன், சீழைக் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லி. "மருந்து வராதோ அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

ஆசுப்பத்திரியில் இன்னும் ஆறு கிழமை. கடைசிக் கிழமைகளில் திரும்பவும் குளிசை. விழுங்கும் வரை பக்கத்தில் நிற்கச் சொல்லி டாக்டர் தாதிக்குக் கட்டளையிட்டிருந்தாள். ஐந்து பிள்ளை வளர்த்தவள் நான். மாலைக்கு மாலை வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.