எதிர் சீட்டுத் தூக்கம்

மாரிகுப்பத்தில் கிளம்பும் காலை ரயிலில் தினமும் என் எதிரே ஒரு பெரியவர் உட்காருவார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை, மடியில் டிபன் பை. வண்டி நகர்ந்ததும் தூங்கிவிடுவார். நானோ தூக்கம் வராத ஆள். பழைய ஸ்மார்ட்வாட்சைத் தள்ளிவிட்டு, தூக்கத்தை அளக்கும் புது மாடல் வாங்கியிருந்தேன். அது தினமும் விடிந்ததும் என்னைத் திட்டியது.

ஒருநாள் அவர் என் வாட்சைக் காட்டிக் கேட்டார். "நல்லா கீதா சார்? நானும் ஒண்ணு வாங்கலாம்னு கீறேன்."

பெருமை தாங்காமல் அவர் கையிலேயே கட்டிவிட்டேன். பங்காருபேட்டையில் ஏறிய கூட்டம் அவர் தோள்மேல் சாய்ந்தது, அவர் அசையவில்லை. ஒயிட்ஃபீல்டில் விழித்து, வாட்சைக் கழற்றி நீட்டினார்.

"இன்னா சார் போட்டுக்கீது?"

'அருமையான ஆழ்ந்த தூக்கம், வாழ்த்துகள்' என்று போட்டிருந்தது. மூன்று மாதமாக என்னை ஒருமுறைகூட வாழ்த்தாத வாட்ச்! எனக்கு வயிறு எரிந்தது.

"தப்புத் தப்பா காட்டுதுண்ணே. வாங்கிடாதீங்க. தண்டம்."

"அய்யோ, உங்கள ஏமாத்திட்டானுங்களா?" என்று எனக்காக உண்மையாகவே வருந்தினார். "அதையே நெனச்சிக்கினு இருக்காதீங்க சார், தூக்கம் கெட்டுடும்."

சொன்ன கையோடு மறுபடி தூங்கிப்போனார். கன்டோன்மென்ட் வரை நான் அந்த முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.