"ஆச்சு" என்று சொன்னதன் விலை

ஏப்ரல் 6 – 1,000
மே 6 – 1,000
ஜூன் 6 – 1,000
ஜூலை 6 – இல்லை

நோய்க்கால உதவித்தொகை அந்த வீட்டுக்கு வந்ததும் நின்றதும் இப்படித்தான். நின்றதற்குக் காரணம் ஒரு மரியாதை.

சந்தில் எல்லோருக்கும் அவள் லாட்ஜ் அக்கா. பதினொரு வருடம் லாட்ஜில் அறை கூட்டிப் படுக்கை விரித்தவள். தொற்று பரவி ஊரை அடைத்ததும் லாட்ஜுக்கும் பூட்டு விழுந்தது. கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடமே இல்லாதபோது வேன் எதற்கு? மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இரவில் மூன்று தட்டுதான் கழுவ விழும். "சமைக்கும்போதே ருசி பார்த்து வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பாள் அவள்.

ஜூன் கடைசியில் ஒரு மதியம் அழைப்பு வந்தது. அந்தச் சந்தில் குழாயடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அவள் ஃபோனோ பழுது. ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும். பக்கத்தில் வாளியோடு பக்கத்து வீட்டுத் தையல்காரி.

"அக்கா, உதவித்தொகை கணக்கெடுப்பிலேர்ந்து பேசறேன். நேத்து வீட்ல எல்லாரும் மூணு வேளையும் சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

"காசில்லாம யாராவது ஒரு வேளை விட்டீங்களா?"

தையல்காரி வாளியைப் பார்ப்பதுபோல இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இல்லம்மா. ஒரு குறையும் இல்ல."

ஜூலையில் பணம் வராமல் போகவே வார்டு அலுவலகத்துக்கு நடந்தாள். பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரில் தேடினார்.

"உங்க வீட்ல எல்லாரும் வயிறாரச் சாப்பிடறதாப் பதிவாயிருக்கேம்மா."

"அது கேட்டவங்களுக்கு மரியாதைக்குச் சொன்னது சார்."

"கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை தெரியாதே. மனு கொடுங்க, மறுபடி கூப்பிடுவாங்க. அப்பவாவது மரியாதை இல்லாமப் பேசுங்க."

மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், கணவன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். காய்கறி மூட்டை கட்டும் கிடங்கில் மேஸ்திரியிடம் பேசியிருந்தான். ஒன்றாம் தேதியிலிருந்து மகள் வேலைக்கு வரலாமாம்.

"ரெண்டு மாசந்தான். பள்ளிக்கூடந்தான் மூடிக் கிடக்கே."

"பாடம் ஃபோன்ல நடக்குது. ரெண்டு மாசம்னு கிடங்குக்குப் போனவ எவளாவது திரும்பப் புத்தகத்தைத் தொட்டிருக்காளா?"

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு."

"சொல்றேன். அதுவரைக்கும் மேஸ்திரி கூப்பிட்டா எடுக்காதீங்க."

"ஃபோனே உங்கிட்டயும் பொண்ணுகிட்டயுந்தானே கிடக்கு, நான் எங்க எடுக்கறது" என்றான் அவன்.

மறு அழைப்பும் குழாயடியில்தான் வந்தது. கூட்டம் முன்னைவிட அதிகம். படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்த மகள் ஃபோனை நீட்டினாள்.

"நேத்து எல்லாரும் சாப்பிட்டீங்களாக்கா?"

"ஆ..." என்று நாக்கு பழக்கத்தில் ஆரம்பித்தது. கடித்து நிறுத்தினாள்.

"இல்லம்மா. பசங்க சாப்பிட்டாங்க. அவர் அரை வயிறு. நான் ராத்திரி சாப்பிடறதில்ல. லாட்ஜ் மூடினதிலேர்ந்தே இல்ல. எழுதிக்க. சரியாக் கேக்கலேன்னா இன்னும் சத்தமாச் சொல்றேன்."

மகள் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்திருந்தாள். தையல்காரி வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணை ஃபோனை வைக்க விடாத. நானும் பொய்தான் சொல்லியிருக்கேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

அன்றைக்கு மகள் நான்கு தட்டு எடுத்து வைத்தாள். "ருசி பார்த்தே..." என்று ஆரம்பித்த அம்மாவை, "இதுல ருசி பார்க்க என்னம்மா இருக்கு? உட்காரு" என்று அடக்கினாள். கணவன் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து நான்காவது தட்டில் வைத்தான்.

ஒன்றாம் தேதி மேஸ்திரி ஆள் அனுப்பியபோது அவனே வாசலில் போய் நின்றான். "பொண்ணுக்குப் பாடம் இருக்கு. மூட்டை தூக்கணும்னா நான் வரேன்." போகவும் போனான்.

முதல் கடிதம், மனு கிடைத்தது என்றது. இரண்டாவது, பரிசீலனையில் உள்ளது என்றது. செப்டம்பரிலிருந்து தொகை மீண்டும் வரும், விட்டுப்போன இரண்டு மாதத்துக்குக் கிடையாது என்று சொன்ன கடைசிக் கடிதத்தை மகள் குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். அது வந்து சேர்ந்த நாள் ஆகஸ்ட் 19, புதன்கிழமை.